தோக்குறதுக்கு முந்தி வச்ச வெத்தலை பாக்கு

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்பிடித் திருப்புங்கண்ணே. கடைசிப் பக்கம். ஆமா, அதேதான். ‘கோப்பை எங்களுக்கே, கேப்டன் உறுதி’ன்னு போட்டிருக்கான் பாருங்க. நெஞ்சை நிமித்திக்கிட்டு எப்பிடி நிக்கிறான். நாளைக்குத்தான் ஃபைனலு, இன்னைக்கே சொல்லிட்டான். நீங்க அதைப் படிச்சிட்டு லேசாச் சிரிச்சீக, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். தப்பா நினைக்காதீக, கேக்குறேன். ஜெயிக்கப் போறவன் முன்னக்கூட்டியே சொன்னா அதுல என்ன தப்பு? மழை வரும் மழை வரும்னு டீவியில தெனம் சொல்றான். வரவா செய்யுது? அவனைப் பாத்து யாராச்சும் சிரிக்கிறமா?

எனக்கு ஊரு நெட்டேந்தல். பேரு சோணமுத்து. அடங்காப் புயல் கபடிக் குழுவோட கேப்டன் நான்தான். கேள்விப்பட்டிருப்பீக. இல்லையா? சரி, வெளியூர் ஆளு போலருக்கு, பரவாயில்ல. நானும் ஒரு ஃபைனலுக்கு முன்னாடி இந்த மாதிரிதான் சொன்னேன். அதுக்கு என்னை இந்த வட்டாரமே பேசுது. சோணமுத்து வாயால கெட்டான்னு பேசுது. நடந்தது என்னன்னு தெரியாம பேசுறானுக. நீங்க கேளுங்க, கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

போன தை மாசம். பொங்கல் கபடி. ஒரு கோப்பை, கூடவே ஒரு கிடா. எங்க பக்கம் கோப்பையை விடக் கிடாய்க்குத்தான் மரியாதை. கோப்பையைத் தின்ன முடியாதுல்ல. செமி ஃபைனல் முடிஞ்சதும் ஃபைனலுக்கு வந்த ரெண்டு கேப்டனையும் மேடையில ஏத்தி, ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசச் சொல்றது வழக்கம். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் மருதவயல் டீம் கேப்டன் முத்துராக்கு. அவன் யாருங்கிறீகளா? என் பொண்டாட்டி மங்களேஸ்வரி கூடப் பொறந்த தம்பி. ஆமாண்ணே, என் சொந்த மச்சினன். ஃபைனல்ல மோதப் போறது என் ஊரும் என் மாமனார் ஊரும்.

முத்துராக்கு மைக்கை வாங்கி, வெற்றி தோல்வி சகஜம், ரசிகர்கள் ஆதரவு தரணும் அப்பிடி இப்பிடின்னு முனகிட்டுக் குடுத்துட்டான். பேச்சா அது? எனக்கு அது ஆகாது. நான் மைக்கை வாங்கி ஒரே போடாப் போட்டேன். "கோப்பை நெட்டேந்தலுக்குத்தான். கிடா எங்க தோப்புலதான் வேகும். ஃபைனல் முடிஞ்ச புதன்கிழமை வெற்றி விருந்து, இங்க நிக்கிற அத்தனை பேரும் வந்துருங்க." கைதட்டு அடங்கவே இல்ல. அன்னைக்குக் கைதட்டுனவன்தான் இன்னைக்குப் பேசுறான், அதையும் குறிச்சு வச்சுக்கங்க.

வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன். மங்களேஸ்வரி கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தா. அவ வச்சா தெருவே மணக்கும், அதுல பொய் சொல்லக் கூடாது. சந்தோசத்துல இருந்தேனா, சும்மா கேட்டேன். யாரு ஜெயிப்பான்னு நீ நினைக்கிறன்னு கேட்டேன். புருசன் கேக்குறான், பொண்டாட்டி என்ன சொல்லணும்? நீங்கதான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. அவ குழம்பை ஊத்திக்கிட்டே, தம்பிதான் ஜெயிப்பான்னுட்டா. கரண்டி கூட ஆடலண்ணே.

எனக்கு எப்பிடி இருக்கும்? இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அந்த ஊருக்குக் கொடி பிடிக்கிறியான்னு கேட்டுப்புட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. அடிக்கல, வையல. அவ தட்டுல சோறு போட்டு வச்சிருந்தா, அதைத் தொடல. அப்பிடியே மூடி வச்சுட்டுப் போயிப் படுத்துட்டா. காலையில பாத்தா முதல் பஸ்ஸுக்கு அவுக அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. கோவிச்சுக்கிட்டுப் போறவ தானா வரட்டும்னு நானும் விட்டுட்டேன். எனக்கு அன்னைக்கு வேற சோலி தலைக்கு மேல கிடந்துச்சு.

என்ன சோலியா? ஊருல ஒரு பெரிய பஞ்சாயத்து ஆகிப்போச்சு. மைக்குல எல்லாரையும் விருந்துக்கு வாங்கன்னு சொல்லிட்டேன்ல, அது செல்லாதுன்னுட்டாக. மைக்குல சொல்றது அறிவிப்பு, வீட்டு வாசல்ல வெத்தலை பாக்கு வச்சாத்தான் அழைப்புன்னுட்டாக. சரியாத்தானே சொல்றாக. கல்யாணத்துக்கு மைக்குல கூப்பிட்டா வருவமா? நாளைக்கு எவனாச்சும் என்னை மனுசனா மதிச்சு அழைச்சியான்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது? அதனால ஒரு தாம்பாளத்துல வெத்தலை, பாக்கு, குங்குமம், கல்கண்டு எல்லாம் வச்சு, டீம் மொத்தமும் ஜெர்சியைப் போட்டுக்கிட்டு வீடு வீடாக் கிளம்பிட்டோம்.

நம்ம காசிமாயன் மட்டும் முறுக்கிக்கிட்டான். அவன்தான் எங்க டீமுல கார்னர்ல நிக்கிறவன், ஒரு பிடி பிடிச்சான்னா உடும்புதான். ஃபைனல் முடியட்டுமே மாப்ள, ஜெயிச்சுட்டு அழைப்போம், இப்பப் பிராக்டீஸ் பண்ணுவோம்னான். அவன்கிட்ட நான் ஒண்ணுதான் கேட்டேன். ஞாயித்துக்கிழமை பொழுதுசாய ஜெயிச்சு, புதன்கிழமை விருந்துன்னா, நடுவுல இருக்குற ரெண்டு நாள்ல இம்புட்டு வீட்டை எப்பிடிடா சுத்தி முடிப்ப? தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வந்துட்டான். ஜெயிக்கிறதை எப்ப வேணா ஜெயிச்சுக்கலாம்ணே. அழைக்கிறதை அப்பிடி விட முடியுமா?

வாரம் பூரா அதே சோலிதான். போற வீட்டுலயெல்லாம் உக்கார வச்சு உபசாரம். வெத்தலை வைக்கப் போன வீட்டுல கை நனைக்காம வந்தா மரியாதை இல்ல. ஒரு வீட்டுல பணியாரம், ஒரு வீட்டுல சீயம், ஒரு வீட்டுல கலரு சோடா உடைச்சுக் குடுப்பாக. பொங்கல் முடிஞ்ச நேரம் வேற, முறுக்கும் அதிரசமும் எல்லார் வீட்டுலயும் டின்னு டின்னாக் கிடக்கு. தீரட்டும்னு எங்களைப் பாத்ததும் தட்டுல கொட்டுறாக. வெள்ளிக்கிழமை வாக்குல காசிமாயனுக்கு ஜெர்சி தொப்புளுக்கு மேல ஏறிப்போச்சு. துவைச்சதுல சுருங்கிருச்சுன்னு சொன்னேன். பயிற்சி இல்லாமத்தான் தோத்தோம்னு பேசுறானுகள்ல, அதெல்லாம் சும்மா. தெனம் நாலு தெரு நடக்குறோம், வாசலுக்கு வாசல் குனிஞ்சு கும்பிடுறோம். அதைவிட என்ன பயிற்சி வேணும்?

அப்பத்தான் எங்க அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுச்சு. ஊரெல்லாம் அழைச்சியே, சம்பந்தகாரவுகளை அழைச்சியான்னு கேட்டுச்சு. எனக்கு உச்சந்தலையில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. பெண் எடுத்த வீட்டை விட்டுட்டு ஒரு விசேசம் நடத்த முடியுமா? நாளைக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு அவுக எப்பிடி வாசல் மிதிப்பாக? காசிமாயன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மாப்ள, அவுக தோக்கப் போற விருந்துக்கு அவுகளையே போயி அழைக்கிறது நல்லாவா இருக்குங்கிறான். போட்டி வேற, முறை வேறடான்னு சொல்லி அவனையும் இழுத்துக்கிட்டுப் போனேன்.

மருதவயல்ல எங்களை வரவேற்ற வரவேற்பை நீங்க பாத்திருக்கணும். மாமனார் வேட்டியை இறக்கி விட்டுக்கிட்டு, வாங்க மாப்பிள்ளைன்னு வாசலுக்கே வந்துட்டாக. பாயை விரிச்சாக. எங்க டீம் மொத்தமும் ஒரு பக்கம் உக்காந்திருக்கு, சத்தம் கேட்டு வந்த அவுக டீம் மொத்தமும் எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கு. நடுவுல தாம்பாளம். நான் எந்திரிச்சு முறையாச் சொன்னேன். வர்ற ஞாயித்துக்கிழமை நடக்குற ஃபைனல்ல உங்க ஊரை எங்க ஊரு ஜெயிக்கப் போறதை முன்னிட்டு, புதன்கிழமை எங்க தோப்புல விருந்து, எல்லாரும் குடும்பத்தோட வந்து சிறப்பிக்கணும். மாமனார் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் வெத்தலையை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாக. பெரிய மனுசன்னா அதுதான் பெரிய மனுசன்.

முத்துராக்கு அடக்கமா ஒரு கேள்வி கேட்டான். எங்க டீமுக்கு நாங்களே வண்டி பிடிச்சு வரணுமா அத்தான், இல்ல நீங்க அனுப்புவீகளான்னான். தோத்த களைப்புல வருவீக, நானே வேன் அனுப்புறேன் மாப்ளன்னு சொன்னேன். சரித்தான், பந்தி எத்தனை மணிக்குன்னு கேட்டான். அதுக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்குறேன், மங்களேஸ்வரி சொம்புல தண்ணியோட வந்து நிக்கிறா.

ஒரு அஞ்சாறு நாள்தான் பாக்கல. ஆனாலும் என்னமோ ரொம்ப நாளாப் பாக்காத மாதிரி இருந்துச்சு. தலைக்குக் குளிச்சு முடியை அள்ளிச் சொருகியிருந்தா. சொம்பை வாங்குறப்ப என்னையவே பாத்துச் சொன்னா. முணுமுணுக்கல, மறைக்கல. ரெண்டு டீமும் கேக்கத்தான் சொன்னா.

"நீங்க தோத்துருவீக. தோத்துட்டு இதே வாசல்ல வந்து நிப்பீக. வான்னு ஒரு வார்த்தை சொல்லுவீக, நானும் வந்துருவேன். துணிமணியெல்லாம் இப்பவே எடுத்து வச்சுட்டேன்."

பாத்தீகளாண்ணே, என்னையச் சொல்றாக. என்னைவிடப் பெரிய சவாலா இருக்குல்ல? நான் சிரிச்சுக்கிட்டே, ஜெயிச்சு கோப்பையோட வந்து கூப்பிடுறேன், அப்ப வான்னு சொன்னேன். நல்ல பதில்தானே? அவ சிரிக்கல. "ஜெயிச்சா நீங்க வரமாட்டீக. கோப்பையைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போவீக. எனக்கு அதனாலதான் நீங்க தோக்கணும்." அம்புட்டுத்தான். காலிச் சொம்பை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

புருசன் தோக்கணும்னு ஒருத்தி வாய் விட்டுச் சொல்றாண்ணே. அதுவும் ஜெர்சி போட்டுக்கிட்டு வந்திருக்கேன். எனக்கு வந்த கோவத்துல முத்துராக்கு கேட்ட கேள்விக்குக் கூடப் பதில் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன். அதுதான் நான் பண்ணுன ஒரே தப்பு. விருந்தாளி ஒரு கேள்வி கேட்டா அதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் படி இறங்கணும்.

ஃபைனலு. ஞாயித்துக்கிழமை. கூட்டம்னா கூட்டம், மரத்துல கூட ஆளு. நாங்க அழைச்ச சனம் அம்புட்டும் வந்திருக்கு. முதல் பாதியில எங்க பயலுக கொஞ்சம் மெதுவாத்தான் ஆடுனானுக. மணலு கனமா இருந்துச்சு. காசிமாயன் ஒருத்தன் காலைப் பிடிக்கக் குனிஞ்சவன் நிமிர முடியாம அப்பிடியே உக்காந்துட்டான். ஆனா நான் விடல. ஒத்தை ஆளா இழுத்துக் கொண்டாந்தேன். கடைசி ரைடு வர்றப்ப நாங்க ஒரே ஒரு பாயிண்ட்டுதான் பின்னாடி.

கடைசி ரைடுக்கு நான்தான் ஏறுனேன். உங்களுக்குக் கபடி தெரியும்ல? எதிர்ப்பக்கம் போயிட்டுத் திரும்புற வரைக்கும் கபடி கபடின்னு மூச்சு விடாமச் சொல்லிக்கிட்டே இருக்கணும். நடுவுல பாட்டு நின்னா ஆளு அவுட்டு. போனேன். ஒருத்தனைத் தொட்டேன். இன்னொருத்தனைக் காலால தட்டுனேன். ரெண்டு பாயிண்ட்டு, திரும்பி நடுக்கோட்டைத் தொட்டாப் போதும், கோப்பை நம்ம கையில. பாய்ஞ்சேன். பின்னாடி இருந்து முத்துராக்கு என் கணுக்காலைக் கப்புன்னு பிடிச்சுட்டான். விழுந்தேன். கோட்டுக்கும் என் விரலுக்கும் ஒரு சாண்தான் இருக்கு. பாட்டை விடல, கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே இழுத்துக்கிட்டுப் போறேன். அவனும் விடல. ஊரே எந்திரிச்சு நிக்கிது.

அப்பக் காலைப் பிடிச்ச பிடியில முத்துராக்கு பணிவாக் கேட்டான். "அத்தான், அன்னைக்குக் கேட்டேனே, பந்தி எத்தனை மணிக்கு?"

நீங்க சொல்லுங்கண்ணே. மாமனார் வீட்டு மனுசன் கேக்குறான். வெத்தலை வச்சு அழைச்சவன் நான். பதில் சொல்லாம இருக்கலாமா? ஏற்கெனவே ஒரு தடவை சொல்லாம வந்தாச்சு. நேரம் தெரியாம அவுக பிந்தி வந்து, பந்தி முடிஞ்சு எலையை எடுத்திருந்தா அது யாருக்கு அசிங்கம்? "பன்னெண்டு மணிக்கு மாப்ள, குடும்பத்தோட முன்னாடியே வந்துருங்க"ன்னு முழுசாச் சொன்னேன். அழைக்கிறவன் அரையும் குறையுமாச் சொல்லக் கூடாதுல்ல. சொல்லி முடிக்கல, அம்பயர் விசிலை ஊதிட்டான்.

நான் எம்புட்டோ வாதாடுனேன். இது குடும்ப விசயம்யா, ஆட்டத்துல சேராதுன்னேன். அம்பயர் கேக்கலையே. நம்ம காசிமாயன் கூட, முத்துராக்கு வேணும்னுதான் கேட்டிருப்பான்னு சொல்றான். நான் நம்பல. பாவம், முத்துராக்குக்குப் பந்தி எத்தனை மணிக்குன்னு அந்த நேரத்துல சந்தேகம் வந்திருச்சு. என் மச்சினன் அப்பிடிப்பட்ட ஆளு இல்லண்ணே. ஊருக்காரனுக, குப்புற விழுந்தாலும் சோணமுத்து மீசையில மண் ஒட்டலன்னு கேலி பேசுறானுக. முதல்ல நான் குப்புற விழவே இல்ல. ஒருக்களிச்சுத்தான் விழுந்தேன்.

இப்ப விருந்து. நடத்துறதா வேண்டாமா? ஊரு கூடிப் பேசுச்சு. வச்ச வெத்தலையைத் திருப்பி வாங்குற பழக்கம் நெட்டேந்தலுக்கு இல்லைன்னு ஒரே முடிவா முடிஞ்சு போச்சு. கிடாய்க்கு என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கோம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முத்துராக்கு அந்தப் பரிசுக் கிடாயைக் கயித்தோட பிடிச்சுக்கிட்டு வந்து எங்க தோப்புல கட்டுறான். விருந்துக்கு அழைச்சிருக்கீக, வெறுங்கையோட வந்தா முறையா அத்தான், இது எங்க ஊரு மொய்யின்னுட்டான். கிடா கழுத்துல மாலை வேற.

புதன்கிழமை பந்தி போட்டோம் பாருங்க, இன்னைக்கு வரைக்கும் அப்பிடி ஒரு பந்தி எங்க சுத்துப்பட்டுல நடக்கல. ‘வெற்றி விருந்து’ன்னு முன்னாடியே போட்ட பேனர் அப்பிடியே தொங்குச்சு. யாரு வெற்றின்னு அதுல போடல, அதனால கழட்டச் சொல்லி ஒருத்தரும் கேக்கல. நான் அனுப்புன வேனுல மருதவயல் டீம் கொட்டோட வந்து இறங்குச்சு. கோப்பையைக் கொண்டாந்து எங்க மேசையில வச்சாக. வந்த சனம் பூரா கோப்பையைப் பாக்குது, என் கையைப் பிடிச்சு வாழ்த்துச் சொல்லுது. பாதிப் பேருக்கு யாரு ஜெயிச்சான்னே நினைப்புல இல்ல, கறி மேலதான் கண்ணு.

இப்ப எண்ணிப் பாருங்க. கோப்பை நெட்டேந்தலுக்கு வரும்னேன், வந்துச்சா இல்லையா? கிடா எங்க தோப்புல வேகும்னேன், வெந்துச்சா இல்லையா? எல்லாரும் சாப்பிடுவீகன்னேன், சாப்பிட்டாகளா இல்லையா? நான் சொன்னதுல எது நடக்கல? ஒரு ஆட்டம் தோத்தோம், அது ஒண்ணுதான். அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறானுக.

நானே வாளியைத் தூக்கிக்கிட்டுக் கறி பரிமாறுனேன். மருதவயல் பந்தியில ஒவ்வொரு எலையா வர்றேன். மாமனார் இருக்காக, மாமியார் இருக்காக, சின்ன மாமனார், அவுக பேரப்பிள்ளைக எல்லாம் இருக்கு. மங்களேஸ்வரி இல்ல. வாளியைக் கீழ வச்சுட்டு மாமனார்கிட்ட கேட்டேன். அவுக சோத்தைப் பிசையிறதை நிப்பாட்டிட்டுச் சொன்னாக. பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா மாப்பிள்ளை, எம்புட்டோ கூப்பிட்டோம், உங்களோட வரமாட்டேன், அவுக வந்து கூப்பிடுவாகன்னு சொல்லிட்டா.

குடும்பத்தோட வாங்கன்னு சொன்னேனேண்ணே. கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டப்பக் கூடக் குடும்பத்தோடன்னு சேத்துத்தானே சொன்னேன். அந்தக் குடும்பத்துல இவ இல்லையா? அறுநூறு வீட்டுக்குத் தாம்பாளம் தூக்குனவன் நான். சொந்தப் பொண்டாட்டிக்கு எவனாச்சும் வெத்தலை வைப்பானா?

பந்தி முடிஞ்சு வேன் கிளம்புற நேரம். முத்துராக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டான். "ஒரு சீட்டு காலியா இருக்கு அத்தான். ஏறுங்க, அக்காவைக் கூட்டிட்டு வந்துரலாம்"னான். நல்ல பய. எனக்கும் மனசுக்குள்ள அதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், அவ வாசல்ல உக்காந்திருக்கான்னு கேட்டதுல இருந்து எனக்கு ஒரு வாய் கூட இறங்கல. தூக்குச்சட்டியில அவளுக்குன்னு ஈரலைத் தனியா எடுத்து வச்சிருந்தேன். அதை எடுத்துக்கிட்டு வேன் படியில ஒரு காலை வச்சுட்டேன்.

அப்பப் பாத்து இந்தக் காசிமாயன் பின்னாடி இருந்து சந்தோசமாச் சொல்றான். "போ மாப்ள, போ. தங்கச்சி சொன்னது அச்சு அசலாப் பலிச்சிருச்சு."

காலை எடுத்துட்டேன்.

எடுக்காம? யோசிச்சுப் பாருங்க. தோப்பீகன்னா, தோத்தாச்சு. வாசல்ல வந்து நிப்பீகன்னா. நான் போயி நின்னா அதுவும் பலிச்சுரும். வான்னு சொல்லுவீகன்னா. சொன்னா அதுவும் பலிச்சுரும். அப்ப நான் மைக்குல சொன்னதுக்கு என்ன மதிப்பு, அவ சொம்புல தண்ணி குடுக்கையில சொன்னதுக்கு என்ன மதிப்பு? ரெண்டு டீமுக்கு முன்னாடி சொன்னவ அவ. ரெண்டு டீமும் என்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிது. தூக்குச்சட்டியை முத்துராக்கு கையில குடுத்து அனுப்பிட்டேன். மறுநாள் சட்டி கழுவித் திரும்பி வந்துச்சு. அவ வரல.

தை போச்சு, மாசி போச்சு, இப்ப ஆடி. அவளும் வரல, நானும் போகல. எங்கடா பொண்டாட்டின்னு கேக்குறவனுக்கு, ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு இப்பச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கல்யாணமாகி மூணு வருசம் ஆகுது, எவனாச்சும் இன்னும் ஆடிக்கு அனுப்புவானான்னு சிரிக்கிறானுக. ஆவணி பொறந்தா என்ன சொல்றதுன்னு தெரியல. வீட்டுல ஒத்தை ஆளுக்குச் சோறு பொங்க இன்னும் கை வரலண்ணே. ரெண்டு பேருக்குத்தான் விழுது. மிச்சத்துல தண்ணி ஊத்தி வச்சு மறுநாள் குடிக்கிறேன். வீடு சத்தமில்லாமக் கிடக்கு. அவ என்னத்தப் பெருசாப் பேசுவா, ஒண்ணும் பேசமாட்டா. ஆனா அவ பேசாம இருக்குறது வேற, அவ இல்லாம இருக்குறது வேற. அது எனக்கு முந்தித் தெரியாது.

பஸ்ஸு வேகம் குறையுது, மருதவயல் வந்திருச்சு போல. ஆமா, இந்த ஊருதான். கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்கண்ணே, என்னை மறைக்கிற மாதிரி. அந்தா, குழாயடியில மூணாவதா நிக்கிறவ இருக்கால்ல, பச்சைச் சீலை. அவதான். வெள்ளிக்கிழமையானா இந்த பஸ் வர்ற நேரத்துக்குத்தான் அவளுக்குத் தண்ணி பிடிக்கத் தோணும். எனக்கும் தோப்பு மோட்டாருக்குச் சாமான் வாங்கச் சந்தைப்பேட்டைக்கு வெள்ளிக்கிழமைதான் தோது. பஸ்ஸைப் பாக்குறாளா? கொடம் நிறைஞ்சு வழியுது பாருங்க, அதைக் கூடக் கவனிக்கல. மெலிஞ்சுட்டாளாண்ணே? இங்கிருந்து எனக்குச் சரியாத் தெரியல.

இந்த டிரைவர் வேற, மத்த ஊருல எல்லாம் ஆளு ஏறி முடிக்கிறதுக்குள்ள எடுத்துருவான். இந்த ஊருல மட்டும் என்னத்துக்கு இம்புட்டு நேரம் நிப்பாட்டுறான்னு எனக்குப் புரியல. இறங்குறவுக எல்லாம் இறங்கியாச்சு. கண்டக்டரு பாருங்க, என்னையவே பாத்துக்கிட்டுப் படியில நிக்கிறாரு. போகச் சொல்லுங்கண்ணே. வான்னு ஒரு வார்த்தை, அதுக்குத் தொண்டை வேணும், மைக்கு வேணாம், எல்லாம் தெரியுது. நீங்க சொல்லவே வேணாம், உங்க மூஞ்சியிலயே தெரியுது. போகச் சொல்லுங்க.

விசில் அடிச்சுட்டாரு. கிளம்பியாச்சு. பாத்தீகளா, இன்னைக்கும் அவ சொன்னது பலிக்கல. வாசல்ல வந்து நிப்பேன்னு சொன்னால்ல, நிக்கலையே. அம்புட்டு பேருக்கு முன்னாடி சொன்னா, இன்னை வரைக்கும் நடக்கல. அதுல நான்தாண்ணே ஜெயிச்சிருக்கேன்.

கண்டக்டரே, இங்கிட்டு வாங்க. என்கிட்ட இருக்குறது மருதவயல் டிக்கெட்டு. எப்பவும் போல, இங்கிருந்து சந்தைப்பேட்டைக்கு ஒண்ணு குடுத்துருங்க.